நான்கு பேர், ஒரே திரை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு தம்பிகள், விடுமுறைக்கு வந்திருக்கும் மாமா மகள், நீங்கள். ஒரே ஒரு டிவி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய பிளேஸ்டேஷன் 4, அங்கே இங்கே கேட்டுச் சேர்த்த நான்கு கன்ட்ரோலர்கள். "ஆளுக்கொரு மூலையில் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். நாலு பேரும் சேர்ந்து ஆடுகிற மாதிரி ஒரு கேம் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தீர்கள். எல்லோரும் பேசுகிற 'ஹெல்டைவர்ஸ் 2' வாங்கலாமா என்று பெரிய தம்பி கேட்கச் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள்.

தம்பியிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். 2024 பிப்ரவரியில் வந்த அந்த இரண்டாம் பாகம் பிளேஸ்டேஷன் 4இல் ஓடாது. ஓடினாலும் உங்களுக்குப் பயன்படாது. ஒரே டிவி முன்னால் நாலு பேர் உட்கார்ந்து ஆட அதில் வழியே இல்லை. ஆளுக்கொரு கருவி, ஆளுக்கொரு திரை வேண்டும். இணையத்தில்தான் சந்திக்க முடியும். உங்கள் வீட்டுக்குத் தோதானது 2015இல் வந்த முதல் பாகம், வெறும் 'ஹெல்டைவர்ஸ்'. இரண்டாம் பாகத்துக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்துவிட்டு, இதன் மூலம் எப்படி இருந்திருக்கும் என்ற ஆவலில் நானும் நண்பர்களும் இப்போதுதான் அதை ஆட ஆரம்பித்திருக்கிறோம். பாதிக் கோள்கள் இன்னும் பார்க்காதவை, பெரிய ஆயுதங்கள் பலவும் கைக்கு வரவில்லை. எனவே இதை முழு விமர்சனமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனாலும் இந்தச் சில வாரங்களில் மனதில் தைத்தவை நிறைய. உங்கள் ஒரு வரிக் கேள்விக்கு இவ்வளவு நீளமான பதில் வருவதற்கு அதுதான் காரணம்.

முதலில் விளையாட்டு என்னவென்று சொல்லிவிடுகிறேன். எதிர்காலத்தில் ஒரு காலம். மனிதர்களின் பூமிக்குப் பெயர் 'சூப்பர் எர்த்'. அதைச் சுற்றி மூன்று பக்கமும் பகைவர்கள். பக்ஸ் என்னும் ராட்சதப் பூச்சிகள் ஒரு பக்கம். சைபர்ஸ்டான் என்ற கோளிலிருந்து வரும் சைபோர்க்குகள், அதாவது உடம்பில் பாதியை இயந்திரமாக்கிக்கொண்ட மனிதர்கள், இன்னொரு பக்கம். இலுமினேட் என்ற, நம்மைவிடப் பல படி முன்னேறிய வேற்றுக்கோள் இனம் மூன்றாம் பக்கம். நாம் ஹெல்டைவர்கள். தோளில் துணிப்போர்வை பறக்க, கப்பலிலிருந்து இரும்புக் கூடுகளில் அடைத்துக் கோளின் மேல் எய்யப்படும் சிப்பாய்கள். கீழே விழுந்ததும் கூடு திறக்கும். கொடுத்த வேலையை முடித்துவிட்டு, நம்மை ஏற்றிக்கொண்டு போகும் கப்பலை அழைத்து, அது வரும்வரை உயிரோடு இருக்க வேண்டும். ஒரு மிஷன் என்பது இவ்வளவுதான்.

இதெல்லாமே மேலிருந்து பார்த்து ஆடுவது. மொட்டை மாடி உயரத்திலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல ஆட்களின் தலையும் தோளும் நிழலும் தெரியும். ஒரு ஸ்டிக் நடப்பதற்கு, இன்னொரு ஸ்டிக் குறி வைப்பதற்கு. இடது பக்கம் ஓடிக்கொண்டே வலது பக்கம் சுடலாம். உங்கள் தம்பிகள் இதைப் பார்த்ததும் "பழைய காலத்து கேம் மாதிரி இருக்கே" என்பார்கள். அவர்கள் சொல்வது சரி. அந்தப் பழமையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டின் சூட்சுமம் அதற்குள் இருக்கிறது.

இரண்டு ஸ்டிக்குகளால் ஓடுவதையும் சுடுவதையும் பிரித்த வழக்கத்தை நிலைநாட்டியது 1982இல் வந்த 'ரோபோட்ரான்: 2084' என்ற ஆர்கேட் விளையாட்டு. யூஜீன் ஜார்விஸ், லாரி டிமார் இருவரும் செய்தது. அது தனி ஆள் ஆடுவது. கூட்டாக ஆடுவது என்ற எண்ணத்தை ஊரறியச் செய்தது 1985இல் அடாரி வெளியிட்ட 'காண்ட்லெட்'. ஒரே பெட்டி, அதில் நான்கு ஜாய்ஸ்டிக்குகள். முன்பின் தெரியாத நான்கு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்று ஒரே நிலவறைக்குள் இறங்குவார்கள். ஒருவர் சாப்பிட வேண்டிய உணவை இன்னொருவர் அவசரத்தில் சுட்டு அழித்துவிடலாம். போகப் போகச் சில கட்டங்களில், இனி உங்கள் குண்டு கூட்டாளியையும் காயப்படுத்தும் என்று அறிவித்துவிட்டு அந்த விளையாட்டு உங்களை உள்ளே அனுப்பும். அந்த ஓர் அறிவிப்பில்தான் ஹெல்டைவர்ஸின் விதை இருப்பதாக எனக்குப் படுகிறது.

இதை வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. ஹெல்டைவர்ஸைச் செய்தது ஸ்வீடனின் ஏரோஹெட் கேம் ஸ்டூடியோஸ். அவர்களே 2014இல் அந்தக் காண்ட்லெட்டைப் புதிதாகச் செய்து தந்தவர்கள். அதற்கும் முன்னால், 2011இல், 'மேஜிக்கா' என்று ஒன்று செய்தார்கள். நான்கு மந்திரவாதிகள் தீ, நீர், மின்னல் என்று பூதங்களைச் சேர்த்து மந்திரம் கட்டுவது. கட்டிய மந்திரம் எதிரியைப் போலவே நண்பனையும் எரிக்கும். வடக்கு ஸ்வீடனில் லூலியோ தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்களாக இருந்தபோதே அதைத் தொடங்கிவிட்டார்கள். ஆக, ஒருவர் கை அடுத்தவர் மேல் படும் விளையாட்டையே இவர்கள் தொடக்கத்திலிருந்து திரும்பத் திரும்பச் செய்துவந்திருக்கிறார்கள். 2015 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 3, 4, கையடக்கமான வீட்டா ஆகிய மூன்றுக்கும், அதே வருடம் டிசம்பரில் கம்ப்யூட்டருக்கும் வந்த ஹெல்டைவர்ஸில் அந்த எண்ணம் முழுசாகப் பழுத்திருக்கிறது.

இனி ஆடும்போது என்ன நேர்கிறது என்பதற்கு வருகிறேன்.

நான்கு பேருக்கும் ஒரே திரை. டிவியைப் பிரித்து ஆளுக்குக் கால் பங்கு தருவதெல்லாம் இல்லை. ஒரே படம், அதற்குள்தான் நால்வரும் இருந்தாக வேண்டும். நால்வரும் நாலு ஊரில் உட்கார்ந்து இணையத்தில் ஆடினாலும் இதே விதிதான். ஒருவர் வடக்கே ஓட, இன்னொருவர் தெற்கே நின்றால் இருவருமே விளிம்பில் முட்டிக்கொள்வார்கள். முன்னால் போகிறவரால் மேலே போக முடியாது. அவருக்கு அடுத்து என்ன வருகிறது என்றும் தெரியாது. கோயில் திருவிழாவில் சாமி தூக்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் மட்டும் எட்டி நடை போட்டால் பல்லக்கு சாயும், அத்தனை தோளும் வலிக்கும். அதே கட்டுப்பாடு இங்கே. முதல் மாலை எங்களுக்கு இது பெரிய எரிச்சலாக இருந்தது. "நீ ஏன்டா அங்கேயே நிக்கிற?", "நீ ஏன் ஓடுற?" என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை. இரண்டாவது மாலையிலிருந்து பேச்சு மாறத் தொடங்கியது. "மேற்கே போகலாமா?", "இரு, ரீலோட் பண்ணிக்கிறேன்", "நான் பின்னாடி பார்த்துக்கிறேன்." அந்த வாக்கியங்களை யாரும் கற்றுத்தரவில்லை. திரையின் விளிம்புதான் கற்றுக்கொடுத்தது.

அடுத்தது, ஆங்கிலத்தில் ஃப்ரெண்ட்லி ஃபயர் என்கிறார்களே, அது. நம் குண்டு நம் ஆளையும் கொல்லும். இதை நிறுத்திவைக்க செட்டிங்ஸில் பட்டன் கிடையாது. லெவல் எவ்வளவு எளிதானாலும் குண்டு குண்டுதான். சில துப்பாக்கிகளிலிருந்து மெல்லிய லேசர் கோடு ஒன்று நீளும். அந்தக் கோட்டில் நண்பர் வந்து நின்றால் கையை எடுக்க வேண்டும். பூச்சிகள் நாலு பக்கமும் சூழும்போது நால்வரும் முதுகோடு முதுகு ஒட்டி நின்றால் கோடுகள் வெளியே போகும், யாருக்கும் ஆபத்தில்லை. ஒருவர் பயந்து நடுவில் ஓடினால் மற்ற மூன்று கோடுகளும் அவர்மேல்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது குப்புறப் படுப்பது. ஒரு பட்டனில் ஆள் தரையோடு தரையாகப் படுத்துவிடலாம். குண்டுகள் தலைக்குமேல் போகும். தானாகச் சுடும் டரெட் துப்பாக்கி ஒன்றை வானத்திலிருந்து வரவழைக்கலாம். எதிரியைப் பார்த்தால் அது சுடும். நடுவில் யார் நிற்கிறார்கள் என்ற கவலை அதற்கு இல்லை. எனவே அது இறங்கியதும் யாராவது "படு!" என்று கத்துவார்கள். நால்வரும் ஒரே நேரத்தில் விழுவோம். முதுகுக்குமேல் அது அரைவட்டமாகச் சுட்டுத் தள்ளும். எத்தனையோ ஷூட்டர் விளையாட்டுகளில் வெற்றி என்பது யார் அதிகம் கொன்றார்கள் என்பது. இங்கே ஒருவர் சொன்னதும் மற்ற மூவர் கேட்டு விழுந்தார்களே, அந்த நொடியில் கிடைத்த சந்தோஷம் வேறு மாதிரியானது.

மேலிருந்து பார்ப்பதன் பலனைப் பற்றி நான் சொல்ல வந்தது இதுதான். சிப்பாயின் கண் வழியே பார்க்கும் விளையாட்டில் நண்பனைச் சுட்டுவிட்டால், "நான் உன்னைப் பார்க்கவே இல்லை" என்று சொல்லித் தப்பிக்கலாம். உண்மையிலேயே பார்த்திருக்க மாட்டோம். ஹெல்டைவர்ஸில் அந்தச் சாக்கு செல்லாது. யார் எங்கே நின்றார்கள், யார் கோடு யார் மேல் விழுந்தது, யார் குண்டை எங்கே எறிந்தார்கள் எல்லாம் நால்வர் கண்முன்னாலும் ஒரே திரையில் நடந்தது. நால்வரும் சாட்சி. அதனால் பொறுப்பு என்பது இங்கே வாய்ப்பேச்சாக இல்லாமல் கண்ணுக்குத் தெரியும் பொருளாக ஆகிவிடுகிறது. கொஞ்ச நாளில், எதிரியைத் தேடுவதற்கு முன்னால் கண் தானாகவே மற்ற மூவரையும் தேடத் தொடங்கும். எதிரிகளைச் சுடச் சொல்லிக்கொண்டே, கூட இருப்பவர்கள்மேல் கண்ணை வைக்கப் பழக்குகிறது இந்த விளையாட்டு. ஒரு போர் விளையாட்டிடம் நான் இதை எதிர்பார்க்கவில்லை.

ஆயுதங்களை வரவழைக்கும் முறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்ட்ராட்டஜம் என்கிறார்கள். கப்பலிலிருந்து புறப்படும் முன்பே என்னென்ன வேண்டும் என்று ஆளுக்குச் சில தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். டரெட், கனரகத் துப்பாக்கி, கண்ணிவெடி, விமானத் தாக்குதல், பறந்து தாண்ட உதவும் முதுகுக் கருவி, ஒருவர் ஓட்ட மற்றவர்கள் சுடும் வண்டிகூட உண்டு. தேவைப்படும்போது ஒரு பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அம்புக்குறி பட்டன்களில் அதற்குரிய வரிசையை அடிக்க வேண்டும். தோட்டாப் பெட்டிக்குக் கீழ், கீழ், மேல், வலம். செத்தவர்களைத் திரும்ப அழைக்க மேல், கீழ், வலம், இடம், மேல். சரியாக அடித்தால் கையில் ஒரு சின்னக் கருவி வரும். அதை எறிந்தால் தரையில் விழுந்து வானத்தை நோக்கி ஒளி பாய்ச்சும். கேட்டது அந்த ஒளியின் வழியே வந்து இறங்கும்.

கன்ட்ரோலரைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடக்க வைக்கும் ஸ்டிக்கும் அம்புக்குறி பட்டன்களும் இடது கட்டைவிரலுக்கே உரியவை. ஆக, உதவி கேட்க வேண்டுமென்றால் கட்டைவிரலை ஸ்டிக்கிலிருந்து எடுக்க வேண்டும், நின்றுவிட வேண்டும். சுடவும் முடியாது. பூச்சிக் கூட்டம் நெருங்கும்போது ஒருவர் அசையாமல் நின்று வரிசையை அடிப்பார். அந்த இரண்டு மூன்று நொடி அவருக்கு மற்ற மூவர்தான் கவசம். பதற்றத்தில் ஒரு அம்புக்குறி தவறினால் முதலிலிருந்து அடிக்க வேண்டும். அவர் உதட்டுக்குள் "மேல், கீழ், வலம்..." என்று முணுமுணுப்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கேட்கும். விதிப்புத்தகத்தில் எங்கேயும் "ஒருவரையொருவர் காப்பாற்றுங்கள்" என்று எழுதிவைக்காமல், ஒரு கட்டைவிரலின் இடத்தை வைத்தே அதைச் செய்ய வைத்திருக்கிறார்கள். இப்படி ஒரு வடிவமைப்பைப் பார்க்கும்போது அதைச் செய்தவர்கள்மேல் மரியாதை வருகிறது.

வானத்திலிருந்து வருவது எதுவும் கீழே யார் நிற்கிறார்கள் என்று பார்த்து இறங்காது. தோட்டாப் பெட்டி தலையில் விழுந்தால் ஆள் சாவார். செத்த நண்பரை அழைத்தால் அவர் வரும் இரும்புக் கூடு, அழைத்தவர் தலையிலேயே விழலாம். கடைசியில் ஏற்றிப்போக வரும் கப்பல்கூட அடியில் நிற்பவரை நசுக்கிவிட்டுத்தான் நிற்கும். இவை முதலில் சிரிப்பைத்தான் கிளப்பும். உங்கள் மாமா மகள் தரையில் உருண்டு சிரிப்பாள் பாருங்கள். ஆனால் அந்தச் சிரிப்போடு சேர்ந்து ஒரு பழக்கமும் வருகிறது. கருவியை எறிந்ததும் "பெட்டி வருது, தள்ளு" என்று சொல்லும் பழக்கம்.

ரீலோடும் அப்படித்தான். வேறு விளையாட்டுகளில் சும்மா இருக்கும்போதெல்லாம் ரீலோட் பட்டனைத் தட்டிக்கொண்டிருப்போம். இங்கே மேகசினில் மிச்சமிருக்கும் தோட்டாக்கள் அதோடு போய்விடும். பத்துத் தோட்டாவோடு மாற்றினால் பத்தும் நஷ்டம். கைப்பழக்கத்தை விட்டுக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. யாரிடம் தோட்டா இருக்கிறது, யார் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பகைவர்கள் விஷயத்திலும் ஒரு நுட்பம் உண்டு. எடுத்த எடுப்பில் கூட்டமாக மேலே விழமாட்டார்கள். முதலில் ரோந்துக் குழுக்கள் அலையும். அவற்றில் உளவாளி ஒன்று இருக்கும். அது நம்மைப் பார்த்து அபாயக் குரல் எழுப்பி முடித்தால்தான் பெருங்கூட்டம் வரும். அதற்குள் அதை வீழ்த்திவிட்டால் சத்தமில்லாமல் கடந்துவிடலாம். அல்லது நால்வரும் சற்று ஒதுங்கி நின்று அது போகட்டும் என்று காத்திருக்கலாம். எங்கள் குழுவில் சுடுவதில் ஆர்வமே இல்லாத ஒருவர், இந்த உளவாளியைக் கண்டுபிடித்துக் கை காட்டுவதிலேயே மிகத் தேர்ந்துவிட்டார். உங்களுக்கு விளையாட்டே வராது என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா? அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். நான்கு கன்ட்ரோலர் இருந்தும் மூன்று பேர் ஆட, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது இந்த விளையாட்டுக்கு நியாயம் செய்வதாகாது.

சாவைப் பற்றி. அடிபட்டு விழுந்தால் உடனே சாவதில்லை. யாராவது ஓடிவந்து தூக்கிவிடலாம். அதற்குள் யாரும் வராவிட்டால் சாவு. செத்தவர், உயிரோடிருப்பவர் அழைக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். நால்வரில் ஒருவர் மிஞ்சினால் போதும், மூவரையும் மீட்டுவிடலாம். நால்வரும் விழுந்தால் மிஷன் தோல்வி. இதனால் கடைசி ஆளாக மிஞ்சுகிறவரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மூன்று பேர் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்க்கிறார்கள். அவர் ஓட வேண்டும், கூட்டத்திலிருந்து விலக வேண்டும், எங்கேயோ ஒரு நொடி நின்று ஐந்து அம்புக்குறிகளை அடிக்க வேண்டும். கப்பலுக்குக் காத்திருக்கும்போது இது நேர்ந்தால் அறையில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. வீரத்தைவிட, சாகாமல் இருப்பதே அங்கே பெரிய கடமை.

இணையத்தில் இணைந்திருந்தால் இன்னொரு அடுக்கும் உண்டு. நாம் முடிக்கும் ஒவ்வொரு மிஷனும் உலகம் முழுக்க ஆடுகிறவர்களின் பொதுக்கணக்கில் சேரும். எல்லோரும் சேர்ந்து மூன்று பகைவர்களையும் அவரவர் தாய்க்கோள் வரை தள்ள வேண்டும். போதுமான பேர் உழைக்காவிட்டால் அவர்கள் முன்னேறி சூப்பர் எர்த்துக்கே வருவார்கள். அது விழலாம், விழுந்தால் அந்தப் போர் தோற்றது, புதிய போர் தொடங்கும். யாரென்றே தெரியாதவர்களோடு ஒரே வரைபடத்தில் உழைக்கிறோம் என்ற உணர்வு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையைச் சொன்னால் என் மனம் பெரிய வரைபடத்தைவிட அந்தச் சின்னத் திரைக்குள்தான் இருக்கிறது.

ஒரு விஷயத்தில் உங்களுக்குத் தயக்கம் இருந்தது: "எப்போதும் சுடுவதும் கொல்வதுமான விளையாட்டை வீட்டுக்குள் விடலாமா?" நியாயமான கேள்வி. மழுப்பாமல் சொல்கிறேன். இதில் ரத்தம் உண்டு. பூச்சிகள் சிதறும், சிப்பாய்களும் சிதறுவார்கள். உங்கள் வீட்டில் எல்லோரும் கல்லூரி வயதைத் தொட்டவர்கள் என்பதால்தான் சொல்கிறேன். பத்து வயதுப் பிள்ளை இருந்தால் சொல்லமாட்டேன்.

ஆனால் இந்த விளையாட்டுக்குப் போரைப் பற்றி ஒரு கருத்து இருக்கிறது. சூப்பர் எர்த்தின் ஆட்சிமுறைக்கு அவர்கள் வைத்த பெயர் 'நிர்வகிக்கப்பட்ட ஜனநாயகம்'. சிப்பாய்கள் சுடும்போதே சுதந்திரம், ஜனநாயகம் என்று கூவுகிறார்கள். பிரசாரப் படங்களின் கணீர்க் குரல் எங்கும் ஒலிக்கிறது. எதிர்த்தவர்கள் எல்லோரும் பயங்கரவாதிகள், அவர்களோடு பேசுவதற்கு எதுவுமில்லை. சைபோர்க்குகள் நம்மிலிருந்து பிரிந்துபோன மனிதர்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தக் கூவலின் அர்த்தம் வேறாகிவிடுகிறது. பால் வெர்ஹோவன் 1997இல் எடுத்த 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' படத்தை நீங்கள் பார்த்திருந்தால் இந்தக் குரல் பழக்கமானதாக இருக்கும். அரசு சொல்வதை அப்படியே நம்பும் அழகான இளைஞர்களைப் பூச்சிகளுக்கு இரையாக அனுப்பி, அந்த அரசைத் தோலுரித்த படம் அது.

ஹெல்டைவர்ஸ் அந்தத் தோலுரிப்பை விதிகளுக்குள்ளேயே வைத்திருக்கிறது என்பது என் எண்ணம். செத்தவர் இடத்துக்கு வானத்திலிருந்து விழுவது அதே ஆள் இல்லை. புதிதாக வேறொருவர், அதே உடுப்பு, அதே துணிப்போர்வை. யாரும் நின்று அஞ்சலி செலுத்துவதில்லை. அதற்கு நேரமும் இல்லை. ஓர் அரசுக்குச் சிப்பாய் எவ்வளவு மலிவு என்பதை வசனமாகச் சொல்லாமல், நம் கையாலேயே மறுபடி மறுபடி செய்ய வைக்கிறார்கள். நம் குண்டால் செத்த நண்பர்கள், நம் பெட்டி நசுக்கிய நண்பர்கள் என்று பார்த்தால், சில மிஷன்களில் பகைவனைவிட நம் ஆயுதமே நம்மை அதிகம் கொன்றிருக்கும். மேலேயோ வெற்றி வாசகம் ஒளிரும். அதைப் பற்றி உங்கள் வீட்டில் ஒரு பேச்சு எழும் என்றால், அந்தப் பேச்சுக்காகவே இதை உள்ளே விடலாம்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். தொடக்க லெவல்கள் மிக எளிது, முதல் மணி நேரத்தில் "இவ்வளவுதானா?" என்று தோன்றும். கூட்டுறவின் தேவை கொஞ்சம் மேலே போன பிறகுதான் பிடிபடும், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்துகள் பொடி, எட்ட உட்கார்ந்தால் கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டியிருக்கிறது. தனியாக ஆடினால் இந்த விளையாட்டின் உயிர் பாதி போய்விடுகிறது. துப்பாக்கிகளையும் வண்டிகளையும் சின்னச் சின்னத் தொகுப்புகளாகப் பிரித்துத் தனித்தனியாக விற்றது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை; எல்லாம் சேர்ந்த பதிப்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள். திரை விளிம்பு எனக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும், இணையத்தில் வரும் அந்நியர் ஒருவர் பிடிவாதமாக மூலையில் நின்றால் மற்ற மூவரும் சிறைப்படுவது உண்மை. வீட்டில் ஆடும்போது அந்தச் சங்கடம் இல்லை. பக்கத்தில் இருப்பவரைத் தோளில் தட்டி நகர்த்திவிடலாம்.

இரண்டாம் பாகத்தில் கேமரா சிப்பாயின் தோளுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. பூச்சிகள் மலைபோல எழுந்து நிற்கும் பிரம்மாண்டம் அதில் கிடைக்கிறது, மறுக்கமாட்டேன். ஆனால் நால்வர் பார்வையும் ஒன்றாகக் குவியும் அந்த ஒற்றைச் சதுரம் அங்கே இல்லை. விற்பனையில் எது ஜெயித்தது என்று கேட்டால் கேள்விக்கே இடமில்லை. உங்கள் கூடத்துக்கு எது என்று கேட்டால் எனக்கு முதல் பாகம்தான்.

ஆரம்பிக்கும் வழி. பக்ஸிலிருந்து தொடங்குங்கள். அவை நேரே ஓடிவருபவை, அதனால் நிற்கவும் படுக்கவும் பழகலாம். ஒருவர் தோட்டாப் பெட்டிக்கும் ஒருவர் டரெட்டுக்கும் பொறுப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆட்களைத் திரும்ப அழைக்கும் வரிசையை மட்டும் நால்வரும் மனப்பாடம் செய்ய வேண்டும். யார் கடைசியாக மிஞ்சுவார் என்று தெரியாது. கவசம் பூண்ட பெரிய பூச்சிகள் வந்தால் சாதாரணத் துப்பாக்கியால் சுட்டுத் தோட்டாவை வீணாக்காமல் விலகி ஓடுங்கள். அவற்றைத் துளைக்கும் ஆயுதம் யாராவது ஒருவரிடம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து சைபோர்க்குகள், அவர்களும் திருப்பிச் சுடுவார்கள், மறைவிடம் தேடக் கற்றுக்கொள்வீர்கள். இலுமினேட் பக்கம் அவசரப்பட்டுப் போக வேண்டாம். அவர்களில் ஒரு வகை நம்மேல் மாயம் செய்தால் கன்ட்ரோலர் தலைகீழாகிவிடும். இடது பக்கம் தள்ளினால் ஆள் வலது பக்கம் ஓடுவார், துப்பாக்கியும் அவரோடு திரும்பும். யாராவது "நான் மாட்டிக்கிட்டேன்" என்று கத்தியதும் மற்ற மூவரும் தரையில் படுத்துவிடும் அளவுக்குப் பழகிய பிறகு அங்கே போங்கள்.

முதல் வாரம் ஆடிவிட்டு, யார் யாரை அதிகம் சுட்டார்கள் என்று எழுதுங்கள். தம்பிகளுக்கும் மாமா மகளுக்கும் என் அன்பு.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்